கதவு ஆறு மணிக்குத் திறக்கும்

கொலோன் பேராலயத்துக்குள் சுற்றுலாப் பயணிகளைக் காலை பத்து மணிக்குப் பிறகுதான் விடுவார்கள். கதவு ஆறு மணிக்கே திறந்துவிடும். இடையிலுள்ள நான்கு மணி நேரம் பூசைக்கு வருகிறவர்களுக்கும் கும்பிட வருகிறவர்களுக்கும் உரியது. ஒரு நாளைக்குச் சுமார் இருபதாயிரம் பேர் வந்துபோகும் இடம். பத்து மணிக்குப் பிறகு உள்ளே தலைகளைத்தான் பார்க்கலாம். தலைகளுக்கு மேலே கைபேசிகள். ஆகவே இந்த நகரத்துக்கு யார் விருந்தாளி வந்தாலும் வெள்ளெனவே எழும்பச் சொல்லுகிறேன். இந்த ஊர்க்காரர் டோம் என்று சொல்லும் இந்தப் பேராலயத்தைப் பார்க்க அந்த நான்கு மணி நேரத்தை விட்டால் வேறு நேரம் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நான் போனது ஒரு மார்ச் மாத விடியலில். முதல் ரயில்களில் வருகிறவர்களின் முகங்கள் எனக்கு நன்றாகப் பழக்கமானவை: இரவு வேலை முடித்துத் திரும்பும் தாதிகள், அலுவலகங்களைத் துடைக்கப் போகிற பெண்கள், வெதுப்பகங்களுக்குப் போகிற பெடியன்கள். எங்கள் தமிழ் ஆட்களும் அதற்குள் இருப்பார்கள். பிரதான ரயில் நிலையத்தின் முன்வாசலைத் தாண்டினால் படிகள். படிகளுக்கு மேலே டோம். பகலில் அந்த முற்றத்தில் படம் எடுக்கிறவர்களும் வாத்தியம் வாசிக்கிறவர்களும் நிறைந்திருப்பார்கள். அந்த நேரத்தில் நகரசபையின் துப்புரவு வண்டி ஒன்று தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மெல்ல உருண்டது. சுவரோரத்தில் உறக்கப் பைகளுக்குள் சிலர் சுருண்டு கிடந்தார்கள். வண்டி ஓட்டியவர் அவர்களை நனைக்காமல் வளைத்துத் திருப்பினார்.

கிட்டப் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். தூரத்தில் கரியாகத் தெரிகிற டோம் கிட்டத்தில் ஒரே கறுப்பாக இல்லை. ட்ராக்கென்ஃபெல்ஸ் மலையில் வெட்டி ரைன் ஆற்றுவழியே கொண்டுவந்த எரிமலைக் கல் சாம்பல் நிறம். பிற்காலத்தில் வைத்த மணற்கல் கறுத்து, விரல் பட்டால் பொருபொருவென்று உதிரும் போலிருக்கிறது. ஆலைப் புகையும் நிலக்கரி எஞ்சின்களின் புகையும் மழையோடு சேர்ந்து செய்த வேலை அது. பழுதான கல்லை எடுத்துப் புதுக்கல் பொருத்திய இடங்கள் வெளிறித் தெரிகின்றன. கோயிலுக்கென்றே ஒரு கட்டடப் பட்டறை இருக்கிறது. கல்தச்சர், தச்சர், கூரை வேலைக்காரர், கண்ணாடி சீர்செய்கிறவர் என்று பலர் அங்கே நிரந்தர வேலையில் இருக்கிறார்கள். கோபுரத்தில் எங்கேயாவது ஒரு மூலையில் சாரம் தொங்கிக்கொண்டே இருக்கும். டோம் வேலை முடிகிற அன்றைக்கு உலகமும் முடிந்துவிடும் என்று இந்த ஊர்க்காரர் சொல்வார்கள்.

சொல்லத்தான் செய்வார்கள். அவர்கள் பொறுத்திருந்த காலத்தைக் கேட்டால் யாருக்கும் மலைப்பு வரும். அடிக்கல் வைத்தது 1248ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15இல். பீடப் பகுதியை 1322இல் அபிஷேகம் செய்தார்கள். பிறகு காசும் ஆர்வமும் வற்றி, பதினாறாம் நூற்றாண்டில் வேலை நின்றுபோனது. தெற்குக் கோபுரம் பாதியில் நிற்க, அதன் உச்சியில் கல் தூக்கும் மரப் பாரந்தூக்கி அப்படியே விடப்பட்டது. முந்நூறு வருடத்துக்கு மேல் அது அங்கேயே நின்றது. கொலோனின் பழைய ஓவியங்களிலெல்லாம் அந்தப் பாரந்தூக்கியைக் காணலாம். அதைப் பார்த்தே பிறந்து, அதைப் பார்த்தே செத்துப்போன தலைமுறைகள் எத்தனை! முகப்பின் பழைய வரைபடம் இரண்டு துண்டாகப் போய், ஒரு பாதி 1814இல் டார்ம்ஸ்டாட்டிலும் மறுபாதி பிறகு பாரிசிலும் கிடைத்தது. நான்கு மீற்றர் உயரமான தோல் வரைபடம். 1842இல் மறுபடி தொடங்கி, அந்த வரைபடத்தைப் பார்த்தே 1880இல் முடித்தார்கள். 157 மீற்றர், முடித்தபோது உலகத்திலேயே உயரமான கட்டடம். முடிக்காமல் விட்டுப்போனவர்களை நினைத்து யாரோ ஒருவன் அறுநூறு வருடப் பழைய கோட்டின்மேல் கல் அடுக்கியிருக்கிறான். பாதியில் விட்டுவந்த வீடுகள் எங்களில் எத்தனை பேருக்கு இருக்கின்றன. இந்தக் கதையை என்னால் வெறும் வரலாறாகக் கேட்க முடியவில்லை.

உள்ளே வாசலில் சிவப்பு அங்கி போட்ட காவலர் நின்றார். "குட்டன் மோர்கன்" என்று தலையசைத்து வழிவிட்டார்; ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. நடுக்கூடம் 43 மீற்றர் உயரம். விளக்குகள் குறைவு, மேலே கண்ணாடிகள் கறுப்பாகவே இருந்தன. பக்கத்துச் சிற்றாலயம் ஒன்றில் பூசை நடந்தது. பத்துப் பதினைந்து பேர்தான், பாதிப்பேர் என்னைப் போல வேலைக்கான சப்பாத்தோடு.

நான் தேடிப் போனது வடக்குப் பக்கத்திலுள்ள மாதாவை. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய சொரூபம். வெள்ளைப் பட்டாடை உடுத்தி, தலையில் முடி வைத்து, உடம்பு முழுக்க நகை. சங்கிலி, மோதிரம், புரோச், சிலுவை என்று நேர்த்தி வைத்தவர்கள் கொடுத்ததெல்லாம் துணியில் தைத்து, ஊசி குத்தித் தொங்குகின்றன. மெல்லிய கல்யாண மோதிரம் ஒன்று நூலில் ஆடிக்கொண்டிருந்தது. ஜேர்மன்காரர் நேர்த்திக்கடன் வைப்பார்கள் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. நான் சைவக்காரி. இலங்கையில் இருந்தபோது அம்மம்மா மடு மாதா கோயிலுக்குக் கூட்டிப் போவா. அங்கே கும்பிட வரும் சனத்தில் யார் சைவம், யார் வேதம் என்று ஒருவரும் பிரித்துப் பார்த்ததில்லை. கொலோன் மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தும்போதும் எனக்கு அப்படியொரு கேள்வி எழவில்லை. பக்கத்தில் நின்ற கிழவி தன்னுடைய திரியிலிருந்தே எனக்கு நெருப்புத் தந்தா.

இந்தக் கோயிலின் பெருமை மூன்று அரசர்களின் எலும்புகள். குழந்தை யேசுவைத் தேடி வந்த ஞானிகளுடையவை என்று நம்பப்படும் அவற்றை 1164இல் மிலானிலிருந்து கொண்டுவந்தார்கள். அவற்றை வைத்திருக்கும் தங்கப் பேழைக்காகத்தான் இவ்வளவு பெரிய வீடே கட்டினார்கள். ஆனால் 1794இல் பிரெஞ்சுப் படை வந்தபோது அந்த எலும்புகளும் ஊரைவிட்டு ஓடின. ஆர்ன்ஸ்பேர்க் பக்கம் மறைத்து வைத்து, பத்து வருடம் கழித்தே திரும்பக் கொண்டுவந்தார்கள். இலங்கையிலும் அப்படித்தான்: 2008 ஏப்ரலில் மடு மாதாவின் சொரூபத்தைச் சண்டைக்குள்ளால் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில் அது திரும்பி வந்தது. சாமியும் இடம்பெயரும், காலம் வந்தால் வீடு திரும்பும் என்று தெரிந்த சனங்கள் இங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

ஏழு மணியளவில் கிழக்குப் பக்கத்து உயரமான கண்ணாடிகளில் முதலில் நீலம் வந்தது, பிறகு சிவப்பு. 1300ஆம் ஆண்டளவில் செய்த கண்ணாடிகள் அவை. உலகப் போரில் குண்டு விழும் என்று முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியதால் தப்பியவை. கட்டடத்தின் மேல் 14 பெரிய குண்டுகள் விழுந்தன. தெற்குப் பக்கத்திலிருந்த பெரிய யன்னலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்த இடத்தில் 2007இல் ஓவியர் கேர்ஹார்ட் ரிக்டர் புதுக்கண்ணாடி வைத்தார். 72 நிறங்களில் 11,263 சதுரத் துண்டுகள். புனிதர் இல்லை, உருவமே இல்லை. அன்றைய கர்தினாலுக்கு அது பிடிக்கவில்லை. மசூதிக்குப் பொருந்தும் என்று சொன்னார். எனக்கோ அது இந்தக் கோயிலின் மிக அழகான இடம். ஏழரைக்கு நான் நின்றபோது வெயில் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. ஆனாலும் சாம்பல் வெளிச்சத்திலேயே நிறங்கள் ஒவ்வொன்றாகக் கண்விழித்தன. பத்து மணிக்கு வருகிறவர் முழு ஒளியைக் காண்பார். ஒளி வருவதைக் காண வேண்டுமென்றால் இருட்டிலேயே வந்து நிற்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் இதுவரை டோமுக்குள்ளே போனதில்லை. இவர் எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாக வந்தவர். அகதி விண்ணப்பம் முடியும்வரை ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று அப்போது சட்டம் இருந்தது. சட்டத்தரணியைப் பார்க்க அனுமதிக் கடிதத்தோடு கொலோன் வந்து, ரயில் நிலையத்துக் கண்ணாடிக்கு அப்பால் டோமைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பியவர். கடிதத்தில் திரும்பும் நேரமும் எழுதியிருக்குமாம். உள்ளே போனால் வண்டி போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் எவ்வளவு காலம் மனிசருக்குள் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். ஒருமுறை எங்கள் பிள்ளைகள் 533 படி ஏறிக் கோபுரத்தின் மேலே நின்று கத்தியதைக் கேட்டு இவர் கீழே சிரித்தார். ஆனால் கதவைத் தாண்டவில்லை. அன்றைக்கு நான் திரும்பி வந்து சிவப்பு அங்கிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னபோது, "அடையாள அட்டையும் கேட்கேல்லையோ?" என்றார்.

வாற ஆகஸ்டில் லண்டன் மச்சாள் கேவலார் மாதாவின் யாத்திரைக்கு வருகிறா. ஐரோப்பாவெங்குமிருந்து எங்கள் சனம், சைவமும் வேதமுமாக ஆயிரக்கணக்கில் கூடுகிற நாள் அது. முதல் நாள் இரவே எங்கள் வீட்டில் தங்கச் சொல்லியிருக்கிறேன். விடிய ஐந்தே காலுக்கு ரயில். இவரும் வருவதாகச் சொல்லி, மூன்று பேருக்கும் சேர்த்து ரிக்கெற் எடுத்து வைத்திருக்கிறார்.