பழையதும் புதியதும்

நம் மூத்த சகோதரரின் ஜவுளிக்கடைக்கு நாம் எழுதித் தந்த இருப்புக் கணக்கு நிரல் நாளடைவில் மந்தமாயிற்று. கேட்கும்போதெல்லாம் விற்பனைப் பதிவுகள் முழுவதையும் முதலிலிருந்து கூட்டுவதே காரணம். ஆகவே மொத்தத்தைத் தனியே வைத்து, பதிவு சேரும்போதெல்லாம் அதனையும் கூட்டிக்கொள்ளுமாறு மாற்றினோம்.

"இரண்டும் ஒன்றுதான் என்பதற்கு என்ன ஆதாரம், தம்பி?" என்றார் காக்கா.

"ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று."

"ஆயிரத்தோராவது தடவை?"

நாம் சிரித்து மழுப்பினோம். பெருநாள் நெருக்கத்தில், அலமாரி நிறைய இருந்த சேலைகள் தீர்ந்துவிட்டன என்று கணிப்பொறி கூறிற்று! வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். குற்றம் நம்முடையதே.

காக்காவின் கேள்வி அறிஞர்களுக்குப் பழையது. 1968-இல் ஜேம்ஸ் மோரிஸ் தம் ஆய்வேட்டில் ஓர் அளவுகோல் தந்தார்: இரு நிரல் துண்டுகளை எந்த நிரலினுள் பொருத்தினாலும் வேற்றுமை தெரியாதாயின் அவை சமம். ஆனால் பொருத்தக்கூடிய நிரல்களுக்கு எல்லை ஏது? எல்லா நிரல்களுக்கும் பொதுவாக இதனைத் தீர்க்கும் இயந்திர வழி இல்லை என்பதோ 1953-இலேயே ரைஸ் நிறுவிய தேற்றத்திலிருந்து பெறப்படுவது. எனவேதான் கணித மாதிரிகள் தேவைப்பட்டன. ஜாவாவின் ஒரு சிறு வடிவத்துக்கு முராவ்ஸ்கியும் ட்செவெலெகோஸும் 2014-இல் அமைத்த மாதிரி ஓர் ஆட்டம். நிரல் ஒரு பக்கம், வெளியுலகம் மறுபக்கம். அழைப்பும் விடையுமே காய் நகர்த்தல்கள்.

நமக்கு உதவியது அதனினும் எளியது. இரு நிரல்களின் உள்நிலைகளுக்கிடையே ஓர் உறவைக் கூறவேண்டும். இங்கே, 'புதியதன் மொத்தம், பழையதன் பதிவுகளின் கூட்டுத்தொகை' என்பதே அது. தொடக்கத்தில் இரண்டும் சுழி. ஒவ்வொரு செயலும் அவ்வுறவைக் காத்தால் விடைகளும் ஒன்றே. காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். எல்லாம் சரியாகவே வந்தது!

பிறகே கண்ணில் பட்டது. நம் பொருள் தன் உள்பட்டியலையே வெளியே கொடுத்துவைத்திருந்தது. துணி திரும்பி வந்தால், வேறொரு பகுதி அப்பட்டியலில் நேரே கைவைத்துப் பதிவை அழித்தது. பழையது மீண்டும் கூட்டியதால் பிழைத்தது. புதியதன் மொத்தமோ குறையவில்லை. பொருள்நோக்கு மொழிகளில் உள்ளுறுப்பு வெளியே கசியாதவரையே இத்தகைய நிரூபணம் செல்லும் என்பதை பானர்ஜியும் நௌமனும் 2005-இல் விரிவாக நிறுவியிருக்கிறார்கள். நாம் அதனைக் கடையில் படித்தோம்.

பட்டியலை வெளியே தராமல், நீக்குவதையும் அப்பொருளே செய்யுமாறு திருத்தினோம். உறவு நின்றது. பில் புத்தகத்தின் பின்புறம் எழுதிய நிரூபணத்தைக் காக்காவிடம் நீட்டினோம். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தவர், "இதிலே சேலை எங்கே இருக்கிறது?" என்றார்.