உறுதி

கும்மிடிப்பூண்டியைச் சிப்காட் தொழிற்பேட்டையும் ஆலைப்புகையும் உள்ள ஊராகவே பலரும் அறிவர். ஆங்கே இலங்கைத் தமிழர் வாழும் பெரிய முகாம் ஒன்றும் உளது. சென்ற விடுமுறையில் யாம் அங்குச் சென்றது ஈழத்து வழக்குச் சொற்களைத் தொகுத்தற்பொருட்டேயாம். தொகுத்தவற்றுள் எம் நெஞ்சை விட்டகலாதது ‘உறுதி’ என்பது. ஈண்டு நாம் நிலப்பத்திரம் என வழங்குவதனை அந்நாட்டார் உறுதி என்பர்.

மன்னாரிலிருந்து 1990இல் தோணியேறி வந்த மூதாட்டியார் ஒருவர் தம் உறுதியை எமக்குக் காட்டினார். அனைவரும் அவரை ஆச்சி என்றழைக்க, யாமும் அங்ஙனமே அழைத்தோம். கிணறும் பனைகளும் உடன் வாரா. ஆடுகளை அவிழ்த்துவிட்டுப் புறப்பட்டனராம். கைக்காப்பு இரண்டும் தோணிக்கூலிக்கு ஆயின. “பொன் கடல் தாண்டத்தான், பிள்ளை. காணிக்கு உறுதிதான் வேணும்” என்றார். அக்காணி அவர்தம் சீதனம். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிற் சட்டமாகிய தேசவழமைப்படி சீதனம் மனைவியின் தனியுடைமை. அதனைத் தம் மகளுக்குக் கொடுத்தல் வேண்டுமென்பதே ஆச்சியின் எண்ணம். மகளோ இம்முகாமிலேயே பிறந்தவள், அக்காணியைக் கண்டதில்லை.

நாணயத்தாளை நம்பினார் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பர்மாவில் 1964 மே 17ஆம் நாள் 50, 100 கியாட் தாள்கள் செல்லாவென ஆணை பிறந்தது. நம்மவர் பலர் வாழ்நாளெல்லாம் ஈட்டியது ஒரே நாளில் வெறுந்தாளாயிற்று. பத்திரம் வைத்திருந்தாரும் தப்பினாரல்லர். 1930களின் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் கீழ்ப்பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழக் காற்பங்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார் கையில் இருந்தது. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. அதன்பின் அந்நிலங்கள் அவர்க்கு மீளவில்லை.

ஆச்சிக்கு வந்த இடரோ வேறுவகை. பிறர் காணியை 10 ஆண்டு தடையின்றி ஆண்டார்க்கு அஃது உரித்தாகலாம் என்பது இலங்கைச் சட்டம், 1871ஆம் ஆண்டினது. அமைதிக்காலத்திற்கு ஏற்ற விதிதான். ஊரே ஓடிவிட்டபோது தடுப்பார் யார்? 2016இல் இயற்றிய தனிச்சட்டமொன்று, போரால் வழக்காட இயலாதார்க்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை அக்கணக்கினின்று நீக்கிற்று. நல்லதே. ஆயினும் வழக்காடுவதற்கு மன்னார் செல்லல் வேண்டும். கும்மிடிப்பூண்டியில் நாட்கூலிக்குச் சாயமடிக்கும் மகளும் மருமகனும் எங்ஙனம் செல்வர்?

யாம் இதனை ஆச்சியிடம் கூறவில்லை. அவர் எம்மை வேண்டியது பிறிதொன்று. மடிப்புக்களில் தாள் கிழிந்து எழுத்து மங்கியிருந்தது; தெளிவாகப் பெயர்த்தெழுதித் தரல் வேண்டுமென்றார். பெயர்ப்புக்குச் சட்டவலி இல்லையென்பதை அவரும் அறிவார். “மகள் வாசிக்கத்தான்” என்றார். வடக்கெல்லை, தெற்கெல்லை என அயலார் பெயர்களை யாம் எழுத எழுத, அவருள் ஒருவர் கனடாவிலும் ஒருவர் இம்முகாமின் அடுத்த வரிசையிலும் இருப்பதாகச் சொல்லிவந்தார். கிழக்கெல்லைக்குரியவர் பெயரை எம்மால் வாசிக்க இயலவில்லை. ஆச்சி அதனை நினைவிலிருந்தே சொன்னார்; எழுதிக்கொண்டோம்.