மண் வேண்டாச் செடி

செடி என்றவுடன் மண்ணும் தொட்டியுமே மக்கள் நினைவுக்கு வருகின்றன. வேரை மண்ணில் ஊன்றி நாள்தோறும் நீர் வார்த்தால் செடி தழைக்கும் என்பது பொதுவிதி. அவ்விதிக்கு அடங்காத செடிகளும் உலகில் உள. காற்றுச்செடி அவற்றுள் ஒன்று.

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். அன்னாசியின் குடும்பத்தைச் சேர்ந்த இவ்வினத்தில் 600க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. மெக்சிக்கோ நாட்டுக் காடுகளில் இவை மரக்கிளைகளைப் பற்றி வளர்கின்றன. பெரு, சிலி நாடுகளின் கடலோரப் பாலையில், மழை காணாத வெறுமணல்மீது, மூடுபனியைப் பருகியே சில வகைகள் வாழ்கின்றன. மரத்தைப் பற்றினும் இவை புல்லுருவியைப் போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. வேர் பிடிப்புக்கு மட்டுமே. வெண்பொடி தூவினாற்போல் இலைமேல் படர்ந்திருக்கும் நுண்செதில்களே நீரை ஈர்த்துக் கொள்கின்றன.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இவ்வினத்திற்குத் ‘தில்லாந்சியா’ எனப் பெயரிட்டார். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தில்லாந்சு என்னும் மருத்துவர் கடற்பயணத்தில் பெருந்துன்பம் உற்று, மீளும்போது கப்பலேற அஞ்சி, நெடுந்தொலைவு நிலவழியே சுற்றி வந்தாராம். நீரை வெறுத்த அவர் பெயர், நீரை வெறுப்பதாகத் தோன்றிய செடிக்குப் பொருந்தும் என லின்னேயஸ் கருதினார் என்பர். அக்கருத்தில் பாதியே உண்மை. இச்செடி நீரை வெறுப்பதில்லை. தேங்கி நிற்கும் நீரையே வெறுக்கிறது. நனைந்த செதில்கள் இலைமேல் படிந்து காற்று புகும் வழியை அடைத்துவிடும். ஈரம் நீங்காவிடில் செடி மூச்சுத் திணறும், பின்னர் அழுகும்.

இவ்வியல்பை அறியாதார் அன்பு மிகுதியால் இதனை மண்தொட்டியில் நடுகின்றனர். சின்னாளில் அடிப்பகுதி கறுத்து மெலிகின்றது. வாடியதாக எண்ணி மேலும் நீர் ஊற்றுகின்றனர். ஒருநாள் தொட்டவுடன் நடுவிலைகள் கையோடு வந்துவிடுகின்றன. வளர்க்க விரும்பிய கையே செடியைக் கொன்றுவிடுகின்றது.

எனவே, இச்செடிக்குத் தொட்டி மாற்றுதல் என்பது இருப்பிடம் மாற்றுதலே ஆகும். அதற்குரிய காலங்கள் மூன்று. பற்றியிருக்கும் கட்டை உளுத்துப் போதல் ஒன்று. கொத்து நெருங்கி வளர்ந்து நடுப்பகுதி உலராது நிற்றல் மற்றொன்று. பக்கக்கன்றுகள் தாய்ச்செடியின் மூன்றில் ஒரு பங்கேனும் வளர்ந்து விடுதல் பிறிதொன்று. பூத்த பின் தாய்ச்செடி மெல்ல மெல்ல மாய்ந்துவிடும். வாழையைப் போலக் கன்றுகளே குலத்தைத் தொடர்கின்றன. சிறுகன்றை விரைந்து பிரித்தலும் தீது. அதனை அதன் வளர்ச்சிக்கு விட்டுக் காத்திருத்தல் வேண்டும்.

பிரிக்கும்போது கன்றின் அடியைப் பிடித்து மெல்லத் திருகி எடுத்தல் வேண்டும். உலர்ந்த வேர்களை நறுக்குவதால் கேடில்லை. பின்னர் மரத்துண்டின்மீதோ கிளிஞ்சலின்மீதோ வைத்து நூலால் தளரக் கட்டலாம். செப்புக்கம்பி ஆகாது, செம்பு இச்செடிக்கு நஞ்சு. உச்சிவெயில் படாத, ஒளியும் காற்றும் உலவும் இடமே ஏற்றது. வாரம் ஒருமுறை காலையில் அரைமணி நேரம் நீரில் அமிழ்த்தி, தலைகீழாகப் பிடித்து நீரை உதறி, நான்கு மணி நேரத்திற்குள் உலருமாறு வைத்தல் நன்று. இச்செடி இலைத்துளைகளை இரவிலேயே திறக்குமாதலின், மாலையில் நனைத்தல் தகாது.

கொடுப்பதனால் மட்டும் உயிர்கள் வளர்வதில்லை. எதற்கு எது வேண்டும், எது வேண்டா என்பதை அறிந்து கொடுப்பதே வளர்ப்பு. மண்ணில்லாக் கிளையில் கட்டுண்டு, காற்றில் அசைந்து நிற்கும் இச்சிறுசெடிக்கு ஒரு பிடி மண்ணை இடாமல் இருப்பதே ஒருவர் காட்டக்கூடிய பேரன்பாகும்.