நிழலுக்கு விலை இல்லை

மலச்சிக்கலுக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகள் பலவற்றுக்கு மூலப்பொருள் நம்மூர் அவுரி இலை என்று தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுமதி பார்க்கும் நண்பர் சொன்னார். வெளிநாட்டு மருந்து நூல்களில் அதற்குத் ‘திருநெல்வேலி சென்னா’ என்றே பெயர். சாத்தான்குளம் பக்கம் ஒரு களத்துக்கு அவரே கூட்டிப்போனார்.

விதைப்பு, உரம் பற்றி நண்பர் சொன்னதெல்லாம் என் காதில் ஏறவில்லை. ஓலைக் கொட்டகைக்குள் இலையைப் புரட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் நின்றேன்.

“வெயில்ல போட்டா சீக்கிரம் காஞ்சிருமே, அக்கா?”

“காயும் தம்பி, நிறம் செத்துப்போவும். இது ஆற அமரக் காயணும்.”

மெல்லிசாகப் பரப்பி, புரட்டிப் புரட்டி, ஒரு வாரம் பத்து நாள் ஆகும். குவித்து வைத்தால் சூடு கட்டிக் கறுத்துவிடும். ஒரு கைப்பிடி அள்ளி லேசாக அழுத்திக் காட்டினார். சலசலத்தது, நொறுங்கவில்லை. அதற்கு மேல் காய்ந்தால் பாதி தூளாகிவிடுமாம். பிறகு சுளகை எடுத்துப் புடைத்தார். இலை நுனிக்கு நகர, மண்ணும் கல்லும் அடியில் தங்கின.

இந்தக் கொட்டகையில்தான் மருந்தே உருவாகிறது. பேதியாக்கும் சென்னோசைடுகளை 1941-இல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். பச்சை இலையில் இருப்பவை ஆந்த்ரோன் கிளைக்கோசைடுகள். உலரும்போதுதான் அவை மாறுகின்றன என்று 1978-இல் லெம்லி, கூவேலே இருவரும் காட்டினார்கள். 20 முதல் 50 டிகிரி வெப்பத்தில் மெல்ல உலர்ந்தால், இலையின் சொந்த நொதிகள் அவற்றிலிருந்து சர்க்கரையைக் கொஞ்சம் கழற்றிவிடும். பிறகு அவை இரண்டிரண்டாகப் பிணைந்து சென்னோசைடு ஆகும். சூடு எல்லை மீறினால் நொதி செயலிழந்து, மாற்றம் பாதியில் நின்றுவிடும். பிணைந்த சென்னோசைடு சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடல் வரை அப்படியே போகிறது. அங்கே பாக்டீரியா உடைத்த பிறகே வேலை செய்கிறது.

வாங்க வந்த புரோக்கருக்கு இதெல்லாம் தேவையில்லை. இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒரு விலை சொன்னார். தார் ரோட்டில் கொட்டிக் காயவைத்த பக்கத்துத் தோட்டத்து மூட்டைகளும் அதே லாரியில் ஏறின. ‘கொஞ்சம் வெளுத்திருக்கு’ என்று அவற்றுக்கு மூட்டைக்குச் சில ரூபாய் குறைத்தார், அவ்வளவுதான்.

மருந்து ஆலையில் சென்னோசைடு எத்தனை சதவீதம் என்று அளந்துதான் சரக்கை எடுக்கிறார்கள். அந்த அளவை எழுதிய சீட்டு இந்தக் களத்துக்கு வருவதேயில்லை. கொட்டகை போட்டவருக்கும் பத்து நாள் கூலி கொடுத்தவருக்கும் நட்டம். ரோட்டில் கொட்டியவருக்கு லாபம். சதவீதத்தைக் களத்திலேயே சொல்லி, அதற்குத் தக்க விலை வைக்காவிட்டால், இந்தக் கொட்டகைக்காரரும் அடுத்த பறிப்பில் ரோட்டுக்குத்தான் போவார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இருக்காது.