நல்ல காரியங்களால் சுருங்கிய காடு

கிண்டிக் காட்டைக் கெட்டவர்கள் யாரும் அழிக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகு அந்தக் காட்டைப் பற்றி எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். பின்னால் வருகிறவர்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைப்பதும் இதைத்தான். மரம் கடத்துகிறவன் வந்து வெட்டிக்கொண்டு போகவில்லை. மனை போட்டு விற்கிறவன் வேலி பிடுங்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரியத்துக்காகக் கேட்டார்கள், நல்ல மனத்தோடு கொடுத்தார்கள். 1910இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது 505 ஹெக்டேராக இருந்த காட்டில், இன்று தேசியப் பூங்கா என்ற பெயரில் மிஞ்சியிருப்பது சுமார் 270 ஹெக்டேர்.

அதன் கதை மிகப் பழையது. 1670களில் சென்னையின் ஆளுநராக இருந்த வில்லியம் லாங்கார்ன், கோட்டையின் வெயிலிலிருந்தும் நெரிசலிலிருந்தும் ஒதுங்கி இருப்பதற்கு இந்தக் காட்டில் ஒரு பகுதியைத் திருத்தித் தோட்டவீடு கட்டிக்கொண்டார். கிண்டி லாட்ஜ் என்று அதற்குப் பெயர். மீதியிருந்த காட்டை 1821இல் கில்பர்ட் ரோட்ரிக்ஸ் என்பவரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு அரசாங்கம் வாங்கியது. அதன்பின் நூற்றாண்டுக்கு மேல் ஆளுநர்களின் ஓய்விடமாகவும் வேட்டைக்காடாகவும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஆளுநர் மாளிகையே நிரந்தரமாக இங்கே வந்து, ராஜ்பவன் ஆயிற்று. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் சுகத்துக்காகப் பூட்டி வைத்திருந்த காடு அது. அப்படிப் பூட்டி வைத்ததனாலேயே பிழைத்துக் கிடந்தது. கசப்பாக இருந்தாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நம் காலம் வந்ததும் நல்ல காரியங்கள் வரிசையாக வந்தன. 1956இல் காந்தி மண்டபம். தேசப்பிதாவுக்கு ஒரு மண்டபம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? 1958இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஒரு பெரும் பகுதி போயிற்று. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் படித்து எத்தனை எளிய குடும்பங்கள் தலை நிமிர்ந்திருக்கின்றன! அதே காலத்தில் பிரதமர் நேருவின் விருப்பப்படி குழந்தைகளுக்கு ஒரு பூங்கா. எழுபதுகளில் ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவகங்கள். 1961க்கும் 1977க்கும் இடையில் மட்டும், பெரும்பாலும் ராஜ்பவன் நிலத்திலிருந்து, சுமார் 172 ஹெக்டேர் பல துறைகளுக்கும் கல்வி நிலையங்களுக்கும் நினைவிடங்களுக்கும் கைமாறியது. 1977இல் எஞ்சியது வனத்துறையிடம் வந்தது, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சட்டக் காவல் மட்டும் வந்திராவிட்டால் இன்னும் எத்தனை நல்ல காரியங்கள் உள்ளே நுழைந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் இவற்றில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியாது. பள்ளிக்கூட வாத்தியாராக வாழ்ந்தவன் நான், கல்விக்கு நிலம் கொடுத்ததைக் குறை சொல்வேனா? ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க ஒருவரும் உட்காரவில்லை. ஒவ்வொரு முறையும் மேசைமேல் இருந்தது ஒரே ஒரு கோரிக்கை. இந்தப் பக்கம் அந்தக் கோரிக்கை, அந்தப் பக்கம் பரந்து கிடக்கிற காடு. இவ்வளவு பெரிய காட்டில் இந்தச் சிறு துண்டு போனால் என்ன என்று கேட்டால், அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும். இதற்கு முன்னால் எவ்வளவு கொடுத்தோம், இதற்குப் பின்னால் எவர் கேட்டு வருவார் என்ற கணக்கு எந்தக் கோப்பிலும் எழுதப்படுவதில்லை.

எப்படிப்பட்ட காடு என்று தெரிந்துகொண்டால்தான் இழப்பின் அளவு புரியும். காடு என்றால் வானை முட்டும் மரங்களும் இருளும் அருவியும் என்று நினைத்து வருகிறவர்கள் கிண்டியைப் பார்த்து ஏமாந்து போவார்கள். இது சோழமண்டலக் கரைக்கே உரிய காடு, வறண்ட பசுமைமாறாக் காடு என்பார்கள் தாவரவியலார். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற வடகிழக்குப் பருவமழையை வைத்துக்கொண்டு மீதி ஆண்டை ஓட்ட வேண்டும். ஆகவே மரங்கள் குட்டையாக இருக்கும், இலைகள் சிறுத்துத் தோல்போலத் தடித்திருக்கும், சித்திரை வெயிலிலும் பச்சை மாறாது. காட்டு எலுமிச்சை, களா, காரை, சூரை, சங்கஞ்செடி, இடையிடையே வேம்பு, பனை, ஈச்சை. முள்ளும் கொடியும் பின்னிக்கொண்டு ஆள் நுழைய முடியாத புதர்கள். அந்தப் புதருக்குள்தான் கீரியும் மரநாயும் உடும்பும் நட்சத்திர ஆமையும் குடியிருக்கின்றன. 350க்கும் மேற்பட்ட தாவர இனங்கள், நூற்றுக்கு மேற்பட்ட பறவை இனங்கள், நகரத்தின் நடுவில் இரவில் ஊளையிடும் நரிகள். காத்தான் கொல்லை, அப்பளான் குளம் என்று ஏரிபோன்ற நீர்நிலைகள் உள்ளே இருக்கின்றன. கோடையில் அவை வற்றும். மழையில் நிரம்பி, சுற்றியுள்ள தெருக்களின் கிணறுகளுக்கெல்லாம் அடியில் நீர் ஊட்டும்.

ஒரு காலத்தில் இந்த வகைக் காடு கரையோரம் முழுக்க இருந்தது. இன்று கோடியக்கரை, வண்டலூர், புதுச்சேரிக்குப் பக்கத்தில் புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள கோயில்காடு என்று துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். ஊர்க்காரர்கள் சாமிக்குப் பயந்து விட்டுவைத்தார்கள், சென்னையில் ஆளுநருக்குப் பயந்து விட்டுவைத்தார்கள். பயமில்லாமல், அருமை தெரிந்து விட்டுவைக்கிற பக்குவம் நமக்கு இனிமேல்தான் வர வேண்டும்.

கிண்டிக்குப் பெருமை சேர்ப்பது வெளிமான். ஆண் மானுக்கு முறுக்கிய கொம்பும், கறுத்த முதுகும், வெளுத்த வயிறும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் உண்டு. பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 1924இல் வில்லிங்டன் பிரபு கொண்டுவந்து விட்டார் என்று சொல்வார்கள். பின்னாளில் பாவ்நகர் மகாராஜா இங்கே ஆளுநராக இருந்தபோது வெள்ளை நிற மான்களையும் விட்டார் என்பார்கள். எப்படி வந்திருந்தாலும் அது திறந்தவெளியின் பிள்ளை. கூர்மையான கண்ணும் ஓட்டமும்தான் அதற்குக் காப்பு. எதிரியைத் தூரத்திலேயே பார்க்க வேண்டும், பார்த்ததும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட இடம் வேண்டும். கிண்டிக்குள் போலோ மைதானம் என்று இன்றும் அழைக்கப்படுகிற புல்வெளி அதற்கு அப்படி வாய்த்த இடம்.

இங்கேதான் என்னை மிகவும் வருத்துகிற நல்ல காரியம் நடந்தது. அந்தத் திறந்தவெளிகளில் மரக்கன்று நட்டார்கள். வெறும் தரையாகக் கிடக்கிறதே, காடாக்குவோம் என்ற ஆசைதான். மரம் வளர்ந்தது, நிழல் விழுந்தது, புல் குறைந்தது, பார்வை மறைந்தது. புள்ளிமானுக்கு அது கொண்டாட்டம். புள்ளிமான் மர நிழலில் நிற்கும், உதிர்ந்த இலையைத் தின்னும், புதரில் பதுங்கும், மனிதர்களுக்கு அருகிலும் பழகிக்கொள்ளும். அதுவும் இந்தக் காட்டின் ஆதிக்குடி அல்ல, 1945க்குப் பிறகு கொண்டுவரப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். அது ஆயிரக்கணக்கில் பெருக, வெளிமான் சில நூறுகளாகத் தேய்ந்தது. எண்பதுகளின் இறுதியில் தொழில்நுட்பக் கழகத்துக்கும் ராஜ்பவனுக்கும் பூங்காவுக்கும் இடையே சுவர்கள் எழும்பின. ஒரே மந்தையாக ஓடித் திரிந்தவை தனித்தனியாகப் பிரிந்தன. பாதுகாப்புக்காகக் கட்டிய சுவர்கள்தான் அவையும்.

இதை எனக்கு முதலில் புரியவைத்தவர் ஓய்வுபெற்ற வாச்சர் ஒருவர். அடையாறு பக்கம் ஒரு தேநீர்க் கடையில் பழக்கம். "சார், மரம் நட்டா புண்ணியம்னு நெனைக்கிறோம். அந்த மானுக்கு மரமே சுவரு சார். அது கண்ணை மறைச்சிட்டா அது எப்படிப் பொழைக்கும்?" என்றார். புத்தகங்களில் பின்னால் படித்ததெல்லாம் அவருடைய அந்த வார்த்தைகளுக்கு விளக்கவுரையாகத்தான் எனக்குத் தோன்றின. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் குன்றும் முள்ளும் புல்லுமாகக் கிடக்கிற இடத்தில் வெளிமான் இன்றும் இயல்பாக வாழ்கிறது. அதைத் தரிசு என்று கருதி யாராவது தோப்பாக்கிவிட்டால் அங்கேயும் இதே கதைதான்.

காட்டுக்கு ஓரமாக நடக்கிற தீங்குகளிலும் அன்பு கலந்துதான் இருக்கிறது. வேலி ஓரம் நின்று மானுக்கு பிஸ்கட் போடுகிறவர், குரங்குக்கு வாழைப்பழம் நீட்டுகிறவர் எல்லாரும் இரக்கமுள்ளவர்களே. அவர்கள் விட்டுப்போகிற பிளாஸ்டிக் பையை உப்புச் சுவைக்காக மான் மென்று விழுங்குகிறது. தொழில்நுட்பக் கழக வளாகத்தில் இறந்த மான்களின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் எடுக்கப்பட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. கையேந்திப் பழகிய குரங்கு நாளைக்குக் கடிக்கும், அப்போது அதைப் பிடித்துக் கூண்டில் அடைப்பார்கள். காட்டு விலங்குக்கு நாம் செய்யக்கூடிய உதவி, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பது. நம்மவர்களுக்கு அதைவிடக் கடினமான காரியம் வேறில்லை.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டது. சாலையோரங்களில் சாய்ந்தவற்றில் தூங்குமூஞ்சி, குல்மொகர் போன்ற வெளியிலிருந்து வந்த, வேர் ஆழமில்லாத மரங்கள் ஏராளம். கிண்டிக் காட்டுக்குள்ளும் பெரிய மரங்கள் விழுந்தன. ஆனால் யாரும் அழகு என்று சொல்லாத அந்தக் களாவும் காரையும் சூரையும் காற்றுக்குத் தலைகுனிந்து, அது போனபின் நிமிர்ந்துகொண்டன. இந்த மண்ணின் புயலை ஆயிரம் ஆண்டுகளாகப் பார்த்த செடிகள் அல்லவா? இருந்தும் அவற்றின் இடத்தைச் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் பிடித்துக்கொண்டு வருகின்றன. அவற்றை வேரோடு களைவது ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டிய பணி. ஒருநாள் விழாவில் முடிகிற வேலை அல்ல என்பதால் புகைப்படம் எடுக்க யாரும் வருவதில்லை. களை எடுக்கும் அந்தக் கூலியாட்களைத்தான் இந்தக் காட்டின் உண்மையான புரவலர்கள் என்று நான் மதிக்கிறேன்.

இந்தக் காட்டைப் பார்த்துப் பார்த்து, வீடுகளிலும் இதே கதை நடக்கிறதைக் கவனிக்கத் தொடங்கினேன். எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகளின் நாளைக் கேட்டால் மூச்சு முட்டும். காலையில் நீச்சல், மாலையில் பாட்டு, அது முடிந்ததும் இந்தி, சனிக்கிழமை சதுரங்கம், ஞாயிறு ஓவியம். எல்லாமே நல்லவை. ஒன்றை நிறுத்தச் சொன்னால் பெற்றோருக்கு மனம் வராது, எனக்கும் எதை நிறுத்தச் சொல்வது என்று தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தரையில் படுத்துக்கொண்டு எறும்பைப் பார்க்க ஒரு மணிநேரம் இல்லை. கேட்டால், "சும்மா இருந்து என்ன தாத்தா பண்றது?" என்கிறான். ஓய்வுபெற்றவர்களின் நாளும் இப்படித்தான் கரைகிறது. சங்கத்துக்குச் செயலாளர், கோயில் கமிட்டி, பேரனுக்குக் கணக்கு, தம்பி மகளுக்கு வரன். கேட்கிறவர் யாரும் கெட்டதைக் கேட்கவில்லை. கெட்டதை மறுக்கச் சின்ன வயதிலேயே நமக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். நல்லதை, அதுவும் வேண்டியவர் வந்து கேட்கிற நல்லதை, மனம் நோகாமல் மறுப்பதற்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் இல்லை. வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற நானும் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. காட்டுக்குச் சற்று மேற்கே கிண்டி குதிரைப் பந்தய மைதானம். அந்த 160 ஏக்கர் நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு எடுத்துக்கொண்டது. அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா என்று அறிவித்தார்கள். வெள்ளநீர் தேங்கக் குளங்களும் வெட்டப்பட்டன. 2015 வெள்ளத்தில் வேளச்சேரி பட்ட பாட்டைக் கண்ட எவருக்கும் அந்தக் குளங்களின் அருமை தெரியும், மனமார வரவேற்கிறேன். பூங்கா என்றதும் என்னென்ன கோரிக்கைகள் வரும் என்பதும் எனக்குத் தெரியும். நடைபாதை, திறந்தவெளி அரங்கு, குழந்தைகளுக்கு ஊஞ்சல், உணவகம், கார் நிறுத்துமிடம், பள்ளி மாணவர்களை அழைத்து வந்து மரக்கன்று நடும் விழா. எல்லாம் நல்லவைதான்.

அந்த 118 ஏக்கரில் இருபது ஏக்கரையாவது மரமும் நடாமல், பாதையும் போடாமல், புல்லாகவே வேலியிட்டு விட வேண்டும் என்று ஒரு மனு எழுதியிருக்கிறேன். காலை நடைக்கு வருகிறவர்களிடம் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "அந்த இடத்தில் என்ன வரப்போகிறது?" என்று கேட்கிறார்கள். ஒன்றும் வராது, ஆள்காட்டிக் குருவி முட்டையிடும், வானம்பாடி வரும், மழைநீர் உள்ளே இறங்கும் என்று சொல்கிறேன். சிலர் யோசித்துவிட்டுப் போடுகிறார்கள். சிலர், அதற்குப் பதிலாக ஒரு நூலகம் கேட்கலாமே என்கிறார்கள். நூலகம் எனக்கும் உயிர். இருந்தாலும் மனுவை மாற்றுவதாக இல்லை.