ஒழுக்கு

அல்பெர்கேரியாவில் நாங்கள் இருப்பது நாலாம் மாடி. பல்லரோச் சந்தைக்காரரின் கூவல் விடியமுன்னரே மேலே ஏறிவிடும். தண்ணீர்தான் ஏறாது. பல்கனியில் 500 லீற்றர் தாங்கி ஒன்று நிற்கிறது. இரவில் அது நிரம்புகிற சத்தம் கேட்டால்தான் மனைவிக்கு நித்திரை வரும். பக்கத்துப் போர்த்தா டி காஸ்த்ரோ தெரு, கெமோனியா என்ற ஆறு ஒருகாலத்தில் ஓடிய தடம். அதில் நடந்துதான் நான் வேலைக்கு பஸ் எடுக்கப் போகிறேன்.

வேலை மொந்தெல்லோப் பக்கம் ஒரு வில்லாவில். தோட்டம், இரண்டு நாய்கள், ஒரு நீச்சல் தடாகம். 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம். 2024 மே மாதத்தில் சிசிலியின் வரட்சிக்கு இத்தாலிய அரசு அவசரநிலை அறிவித்திருந்தது. அந்த ஓகஸ்டில் தடாகத்துத் தண்ணீர் நாளாந்தம் இறங்கத் தொடங்கியது. பின்னேரங்களில் நான் கிணற்றுக் குழாயைப் பிடித்து நிரப்புவேன். மறுநாள் திரும்பவும் இறங்கியிருக்கும்.

நிலத்தில் ஈரமில்லை. மேசன் வந்து பார்த்து, அடித்தளம் வெடித்திருக்கும், முழுவதையும் இறைத்துவிட்டுப் பார்ப்போம் என்றார். ஏறக்குறைய 48,000 லீற்றர். சின்யோரா தலையாட்டினார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாதத் தொடக்கத்தில், மணல் வடிகட்டியைக் கழுவும்போது, பம்பை நிறுத்தாமல் வால்வின் கைபிடியைத் திருப்பியவன் நான். அவசரம். பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். உள்ளே ஏதோ உரசிய சத்தம் கேட்டது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

மேசனிடம் நாலு நாள் தவணை கேட்டேன். ஒரு வாளியில் தடாகத்துத் தண்ணீரை நிரப்பி, படியில் வைத்து, உள்ளும் புறமும் ஒரே மட்டத்தில் கோடு போட்டேன். வெயில் இரண்டையும் ஒரேயளவுதான் குடிக்கும். பம்பை நிறுத்தி வைத்த நாளில் இரண்டும் ஒன்றாகவே இறங்கின. அடித்தளத்தில் பிழையில்லை. பம்ப் ஓடிய நாளில் தடாகம் 2 சென்ரிமீற்றர் கூட இறங்கியது. 640 லீற்றர். கழிவுக்குழாயில் உள்ள சிறிய கண்ணாடிக்குள் பார்த்தேன். வடிகட்டுகிற நிலையிலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் சாக்கடைக்கு.

மூடியைக் கழற்றினேன். உள்ளே, சைக்கிள் சில்லின் கம்பிகள்போலக் கிளைபிரிந்த ரப்பர். அதில் ஒரு கால் அறுந்து மடிந்து கிடந்தது. 1990களின் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ரியூப்பை வெட்டி இறைப்பு மெசினுக்கு வோசர் போட்ட கை இது. அந்தத் துணிவில் இங்கேயும் ஒரு துண்டை வெட்டி ஒட்டினேன். அடுத்தநாளே கழன்றுவிட்டது. வால்வின் பெயரைச் சொல்லிக் கடையில் சரியான ரப்பரை வாங்கினேன். 15 யூரோ. பழைய பசையைச் சுரண்டி, பள்ளத்தைக் காயவிட்டு ஒட்டினேன். ஒரு மணல் பரல் அதில் இருந்தாலும் பிறகும் ஒழுகும். துடைத்ததற்குத்தான் கூடுதல் நேரம் போனது.

கண்ணாடிக்குள் ஓட்டம் நின்றது.

சின்யோரா வந்து பார்த்தார். யார் இப்படித் திருப்பியது என்று கேட்டார். நாயைச் சொல்ல முடியாதே.

"நான்தான், சின்யோரா."

கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மேசனுக்கு வரவேண்டாமென்று தொலைபேசியில் சொன்னார். ரப்பருக்கான காசைத் தந்தார், எண்ணாமலே வாங்கினேன். அதைப்பற்றி அவர் பிறகு பேசவேயில்லை. அதுதான் எனக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது.

இரவு மனைவியிடம் சொன்னேன். மறைத்து வைத்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"எத்தனை நாள் ஓடினது?"

"பதினாறு நாள் வரும்."

இருட்டில் கணக்குப் பார்த்தாள்.

"எங்கட தாங்கியில இருபதப்பா" என்றாள். எழும்பிப் போய் குசினிக் குழாயை இன்னொருமுறை இறுக்கிவிட்டு வந்து படுத்தாள்.