வல்லத்துக் கணக்கு

பீன்யாவில் ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றுதான் அமைதியானது. ஏனைய நாள்களில் பட்டறைகளின் இரைச்சலே நமக்குத் திருப்பள்ளியெழுச்சி. தென்காசியை அடுத்த இலஞ்சியில் பிறந்த நாம், மத்திய அரசில் எழுத்தர் பணி கிடைத்துப் பெங்களூர் வந்து, வாடகை குறைவு என்னும் ஒரே காரணத்தால் இவ்விடத்தில் குடியமர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அத்தகைய ஞாயிறு ஒன்றில், பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு பயிலும் நம் மகள், நூலகத்துப் புத்தகம் ஒன்றுடன் வந்து நின்றாள்.

"அப்பா, சிவசங்கரநாராயண பிள்ளைன்னு ஒரு கணித அறிஞர். குற்றாலம் பக்கத்துல வல்லத்துல பிறந்தவராம். உங்க ஊர்ப் பக்கந்தானே, தெரியுமா?"

வல்லம் நமக்குத் தெரியும். சிறுவயதில் மிதிவண்டி மிதித்துப் போன ஊர். பிள்ளையை நாம் அறியோம். இராமானுசன் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர் என்பதை அலுவலகத்தில் ஏதோ நம் பங்காளியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லித் திரிந்த நமக்கு, பக்கத்து ஊர்க்காரரைப் பற்றி ஒரு சொல்லும் தெரியவில்லை. அந்த வெட்கத்தினாலேயே அப்புத்தகத்தை அவளிடமிருந்து வாங்கிப் படிக்கலானோம்.

சு. சி. பிள்ளை பிறந்தது 1901 ஏப்ரல் 5. ஓராண்டுக்குள் தாயை இழந்தார். பள்ளிப் பருவத்திலேயே தந்தையையும் இழந்தார். படிப்பு அங்கேயே நின்றிருக்க வேண்டியது. சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் ஒருவர் தம் கைப்பொருளை ஈந்து அவரைத் தொடர்ந்து படிக்கச் செய்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, பின் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி. அங்கே பெற்றது பி.ஏ. பட்டம். நாமும் பி.ஏ.தாம், ஒற்றுமை அவ்வளவோடு முடிந்தது. பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகியோரிடம் ஆராய்ச்சி. 1929 முதல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி.

அவர் கைவைத்தது 1770இல் எட்வர்டு வாரிங் என்னும் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற புதிர். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். கன எண்களாயின் ஒன்பது போதும். நான்காம் படி, ஐந்தாம் படி, ஆறாம் படி என்று மேலே போனால் எத்தனை வேண்டும்? ஆறாம் படியை மகள் நமக்குக் காசாளர் மொழியில் விளக்கினாள். கையில் ஒரு ரூபாய்க் காசும் அறுபத்து நான்கு ரூபாய்க் காசும் இருக்கின்றன. அடுத்தது 729 ரூபாய்த் தாள். ஒருவருக்கு 703 ரூபாய் கொடுக்க வேண்டும். தாள் பெரிதாகிவிடுகிறது. அறுபத்து நான்கில் பத்துக் கொடுத்தால் 640; மீதி 63க்கும் ஒற்றை ரூபாய்களே. ஆக 73 காசுகள். இதனை நாமும் சரிபார்த்துவிட்டோம். ஆனால் எவ்வளவு பெரிய தொகையாயினும், எண்களுக்கு முடிவே இல்லாதபோதும், 73க்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது என்று நிறுவுவதன்றோ அரிது! அதை 1940இல் நிறுவியவர் பிள்ளை.

அதற்கு முன்பே, 1936இல், ஆறுக்கு மேற்பட்ட படிகளுக்கெல்லாம் ஒரு சிறு நிபந்தனைக்கு உட்பட்டு விடை கூறியிருந்தார். அதே ஆண்டில் அதே விடையைத் தனித்துக் கண்டவர் அமெரிக்கரான லியனார்டு யூஜீன் டிக்சன். சிகாகோப் பல்கலைக்கழகத்தின் முதல் கணித முனைவர். எண் கோட்பாட்டின் வரலாற்றை மூன்று பெருந்தொகுதிகளாக எழுதியவர். டிக்சனுக்குப் பின்னால் சிகாகோ நின்றது. பிள்ளையின் கட்டுரைகளோ அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழிலும் இந்தியக் கணிதக் கழக இதழிலும் வெளிவந்தன. உலகம் எதனை முதலில் புரட்டியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கோப்பு எந்த மேசையிலிருந்து வருகிறது என்று பார்த்தே அதன் தகுதியை அளப்பதை அன்றாடம் காண்பவர்கள் நாம்.

எஞ்சிய ஐந்தாம் படியைச் சீனத்துச் சென் சிங்ருன் 1964இல் முடித்தார். நான்காம் படி 1986இல் முடிந்தது. அதனை முடித்த மூவரில் ஒருவர் நம் ஆர். பாலசுப்பிரமணியன்.

பிள்ளை 1941இல் திருவிதாங்கூர் சென்று, மறு ஆண்டே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வல்லத்துக்காரர் ஒருவர் எட்டாண்டுகள் வங்காளத்தில்! அச்செய்தியில்தான் நாம் புத்தகத்தை மூடிவைத்தோம். ஏனெனில், கொல்கத்தாவில் முதுகலைக் கணிதம் பயில மகளுக்கு இடம் கிடைத்திருந்தது; "அவ்வளவு தொலைவு வேண்டாம், இங்கேயே ஏதேனும் படி" என்று நாம் ஒரு வாரமாகச் சொல்லிவந்தோம். புத்தகத்தை அவள் கொண்டுவந்த காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

ஆனால் மீதியை அவளும் படித்திருந்தாள். பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் பிள்ளையை ஓராண்டுக்கு அழைத்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டிலும் அவர் கலந்துகொள்வதாக இருந்தது. பம்பாயிலிருந்து நியூயார்க் நோக்கிச் சென்ற வானூர்தி கெய்ரோவை விட்டு மேலெழுந்த சிறிது நேரத்தில் எகிப்தியப் பாலைவனத்தில் வீழ்ந்தது. நாள் 1950 ஆகஸ்டு 31. மாநாடு தொடங்கி ஒரு நாள் ஆகியிருந்தது. வானூர்தியில் இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்பது. நமக்கு இப்போது நாற்பத்தெட்டு.

"பார்த்தாயா, தொலைதூரம் போனதால் வந்த வினை" என்று சொல்ல வாயெடுத்தோம். சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் பெற்றும், வீட்டு நிலையால் உள்ளூரிலேயே செலவு குறைந்த வரலாற்றுப் பி.ஏ.வில் சேர்ந்தவர்கள் நாம். நமக்கு ஒரு சாஸ்திரியார் வாய்க்கவில்லை என்று இத்தனை ஆண்டுகள் உள்ளூரக் குறைப்பட்டுக்கொண்டிருந்துவிட்டு, மகளுக்கு நாம் என்னவாக இருக்கப்போகிறோம்?

அடுப்பங்கரையிலிருந்து எட்டிப்பார்த்த மனைவியார், "கல்கத்தாவுல குளிருமா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே ஹௌரா வண்டிக்குப் பதிவு செய்தோம்: மகளுக்குப் போகும் சீட்டு மட்டும், நமக்குத் திரும்பி வரும் சீட்டும் சேர்த்து.